லேபல் மேசை ராத்தா

கையுறைப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ராத்தா ஒரு நாளும் போனதில்லை. காலை ஏழு மணிக்கு நாங்கள் நூறு பெண்களுக்கு மேல் வெள்ளைத் தொப்பியும் இறப்பர்ச் சப்பாத்துமாக வரிசையில் நிற்போம். அவர் ஒவ்வொரு சோடியாக எடுத்து ஒவ்வொருத்தியின் கையிலும் வைப்பார். வைக்கிற அந்த நேரத்துக்குள் முகத்தை ஒருமுறை பார்ப்பார். அநேகம் பேரை உடனே விட்டுவிடுவார். சிலருடைய கையை மட்டும் விடமாட்டார்.

“ராவு நித்திர கொண்டியா?”

“ஓம் ராத்தா.”

“எத்தின மணிக்கு?”

அந்த இரண்டாவது கேள்வியில்தான் பலர் தடுமாறுவார்கள். தடுமாறினால் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார். “நீ இண்டைக்கி லேபல் மேசைக்குப் போ” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவளின் கைக்கு நகர்ந்துவிடுவார்.

முந்தல் என்ற ஊரில் பெரிய ரோட்டை விட்டுக் களப்புப் பக்கம் இறங்கினால் வருகிற இறால் தொழிற்சாலை அது. பண்ணைகளிலிருந்து வருகிற இறாலைத் தலை கிள்ளி, தோலுரித்து, முதுகைக் கத்தியால் கீறிக் குடலை எடுத்து, உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். வேலை முழுக்க நின்றபடிதான். ஐஸ் தண்ணீரில் விரல் விறைத்துப்போகும். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது; மண்டபத்தின் கடைசியில், யன்னலோரம், பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிற மேசை. இரண்டு பேர் போதும் அதற்கு. ராத்தா எப்போதும் நாலைந்து பேரை அங்கே வைத்திருந்தார். அவர் எங்கள் சுப்பர்வைசர், முஸ்லிம் மனிசி; ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. சிலாபப் பக்கமிருந்து வருகிற சிங்களப் பிள்ளைகளும் அவரை ராத்தா என்றே கூப்பிட்டார்கள். அதுதான் அவருடைய பெயர் என்று அவர்களில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

நான் அந்த மேசைக்குப் போனது வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். மூன்று மாதக் கரு கலைந்து ஐந்தாம் நாள் வேலைக்கு வந்திருந்தேன். தொழிற்சாலையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் வன்னியை விட்டு வந்து இந்தக் கரையில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. “இதைவிடப் பெரிசெல்லாம் பாத்திட்டம்” என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாத் துயரத்துக்கும் மருந்து. அம்மா அதைத்தான் சொன்னா. நானும் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்து அவர் கையைப் பிடித்ததும், “நான் நல்லா நித்திரை கொண்டனான் ராத்தா” என்றேன்.

“நான் இன்னும் கேக்கவே இல்லயே” என்றார்.

லேபல் மேசையில் முதல் மூன்று நாளும் அவர் என் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்து, ஒரு கட்டு லேபலைத் தானும் எடுத்துக்கொண்டார். “சொல்லணும் எண்டா சொல்லு. சொல்லாட்டியும் லேபல் ஒட்டத்தானே வேணும்” என்றார். கொஞ்ச நேரம் இருவரும் ஒட்டினோம். பிறகு நான் சொன்னேன். பொறுமையாக இரு என்று அவர் சொல்லவில்லை. இன்னொரு பிள்ளை கிடைக்கும் என்றும் சொல்லவில்லை.

“பேரு ஏதும் யோசிச்சிருந்தியா?” என்று கேட்டார்.

யோசித்திருந்தேன். என் கணவருக்குக்கூட அதை நான் சொல்லியிருக்கவில்லை. ராத்தாவிடம் சொன்னேன். அவர் அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அவர் என் பங்கு லேபலையும் ஒட்டிக்கொண்டிருந்தார்.

பதினொரு நாள் அங்கே இருந்தேன். அந்தப் பதினொரு நாளும் இல்லாதிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

அவரை எல்லோருக்கும் பிடித்தது என்று சொன்னால் பொய். மூக்கு நீளமானவர் என்று பின்னால் ஏசியவர்கள் இருந்தார்கள். ஒருமுறை, சாப்பிடாமல் கொள்ளாமல் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையைப் பிடித்து நாலு நாள் லேபல் மேசையில் உட்காரவைத்து, தன் வீட்டிலிருந்து சோறும் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். கடைசியில் பார்த்தால் அவளுக்கு ஒரு துன்பமும் இல்லை. ஐஸ் லொறி ஓட்டுகிற பெடியனில் அவளுக்கு விருப்பம். அந்த யன்னலுக்கு நேரேதான் அவன் லொறியை நிறுத்துவான். மண்டபமே சிரித்தது. ராத்தாவும் சிரித்தார். “நல்ல வருத்தந்தான், எனக்கும் ஒருக்கா வந்த” என்றார்.

இன்னொரு முறை நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. கழுத்தில் கன்றலோடு வந்த ஒருத்தியின் வீட்டுக்கு, அவள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும், ராத்தா நேரே போய் அவள் புருசனைத் தெருவில் வைத்துக் கேள்வி கேட்டார். அவன் ஊர் பார்க்கத் தலைகுனிந்து நின்றான். அடுத்த நாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது கையில் கட்டுப் போட்டிருந்தது. அவள் ராத்தாவிடம், “நீங்க ஏன் வந்தீங்க?” என்று மட்டும்தான் கேட்டாள். அதற்குப் பிறகு அவர் கேட்காமல் ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. ஆனால் கையைப் பிடிப்பதை விடவில்லை.

ஏன் இப்படி அடுத்தவர் முகத்திலேயே நிற்கிறீர்கள் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வது போலத்தான் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியபோது அவருக்குப் பத்து வயது. முகாமில் ஓலைக் கொட்டில்.

“உம்மா ஏழு மாசம் வாயத் தொறக்கல்ல. சமைச்ச, தண்ணி அள்ளின, எங்களக் குளிப்பாட்டின. எல்லாரும் சொன்ன, எவ்வளவு பொறுமசாலிப் பொம்புள எண்டு. பொறும எண்டா ஆள் உள்ளுக்கு இருக்கணும் புள்ள. உம்மா உள்ளுக்கு இல்ல. அதெ ஒருத்தரும் பாக்கல்ல. நானும் பாக்கல்ல.”

“பிறகு?”

“பிறகு என்ன. ஒரு நாள் காலமெ எழும்பிப் பாத்தா பாயில ஆள் இல்ல.”

சோற்றுப் பார்சலை மடித்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

பழைய மனேஜர் இருந்தவரை லேபல் மேசையை யாரும் கண்டுகொள்ளவில்லை. இறால் நேரத்துக்கு வெளியே போனால் அவருக்குப் போதும். அவர் போய், கொழும்பிலிருந்து ஒரு இளம் மனேஜர் வந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். யாரையும் ஏசியதில்லை, எங்களைக் கண்டால் தலையசைத்துச் சிரிப்பார். ஆனால் வந்த முதல் கிழமையே ஒரு வெள்ளைப் பலகையை மண்டபத்தில் மாட்டி, முதல் நாள் குறைவாக உரித்த பத்துப் பேருடைய பெயரைச் சிவப்பில் எழுதவைத்தார். இரண்டாவது கிழமை அவர் கண் லேபல் மேசையில் விழுந்தது. அப்போது நான் ஒபிசுக்கு மாறியிருந்தேன். ஏ.எல். பரீட்சை வரை படித்த, தட்டச்சுத் தெரிந்த பிள்ளை ஏன் கத்தி பிடிக்க வேண்டும் என்று பழைய மனேஜரிடம் வாதாடி என்னை அங்கே அனுப்பியவரே ராத்தாதான். அதனால் அந்தக் கதையை என் காதால் கேட்டேன்.

“ரெண்டு பேர் செய்யுற வேலைக்கு ஏன் அஞ்சு பேர்?”

“மத்த மூணு பேருக்கும் இண்டைக்கி கத்தி குடுக்க ஏலா சேர்.”

“ஏன், சுகமில்லையா? மருந்துத் துண்டு இருக்கா?”

“இதுக்குத் துண்டு இல்ல சேர்.”

“துண்டு இல்லாட்டி வருத்தமும் இல்ல” என்று சிரித்தபடியே சொன்னார் மனேஜர்.

மேசை இரண்டு பேருக்குச் சுருங்கியது. பிறகு சில மாதத்தில் வெளிநாட்டுக் கொம்பனிக்காரர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. இறாலை மட்டுமல்ல, வேலையாட்களின் மனநலம் கவனிக்கப்படுகிறதா என்றும் பார்ப்பார்களாம். ஒரே கிழமைக்குள் எல்லாம் முளைத்தன. ‘உங்கள் மனம் எங்கள் பொறுப்பு’ என்று மூன்று மொழியிலும் ஒரு பெரிய படம். குறைகளை எழுதிப் போடப் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, சாவி மனேஜரிடம். ஒரு மணி நேரப் பேச்சு. வந்தவர் எங்களைக் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார், ஆளுக்கொரு மீன் ரோல்ஸும் கொடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அன்றைக்குப் பின்னேரமே கூடுதலாக நின்று ஈடுகட்டச் சொன்னார்கள். கடைசியாக, நலன்புரி அலுவலர் என்று ஒருவருடைய பெயரும் கையெழுத்தும் உள்ள ஒரு பத்திரம் தேவைப்பட்டது. மனேஜர் ராத்தாவைக் கூப்பிட்டார்.

“நீங்கதானே எப்படியும் இந்த வேலையச் செய்யுறீங்க. இனி அதுக்கு ஒரு பேரும் இருக்கட்டுமே.”

ராத்தா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“போடுறன் சேர். ஆனா மூணு காரியம். சாவு வீடு எண்டா ஒரு கெழம லீவு. அந்த சிவப்பு போர்ட் வேணாம். லேபல் மேசைக்கு நான் யாரப் போட்டாலும் ஏன் எண்டு கேக்கக் கூடாது.”

“சரி.”

“எழுதித் தாங்க.”

“என் மேல நம்பிக்கை இல்லையா?” மனேஜர் சிரித்தார். எழுதித் தரவில்லை. பத்திரத்தை அச்சடித்தவள் நான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டியவளும் நான்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகும்வரை மனேஜர் வாக்குத் தவறவில்லை. பலகை கழற்றப்பட்டது. மேசைக்கு மறுபடி ஐந்து கதிரைகள் வந்தன. அந்த ஏழு கிழமையும் ராத்தா நடந்த நடையே வேறு. தேத்தண்ணி நேரத்தில் ஒபிசுக்குள் தலையை நீட்டி, “பாத்தியா, ஒரு கிலோவாச்சும் கொறஞ்சதா?” என்று கேட்டுவிட்டுப் போவார். குறையவில்லை. மாதக் கணக்கை அடித்தவள் நான், எனக்குத் தெரியும். மனேஜருக்கும் தெரியும்.

பிறகு, எல்லாம் திருப்தி என்று கடிதம் வந்தது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை பலகை பழைய ஆணியில் தொங்கியது. மாத முடிவில் லேபல் ஒட்டுகிற மெசின் ஒன்று வந்திறங்கி, மேசையையும் கதிரைகளையும் களஞ்சியத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தர்ஷினியின் தாய் செத்தது அந்தக் கிழமையில்தான்.

தர்ஷினி உடப்பு என்ற மீனவ ஊர்ப் பிள்ளை. வயது இருபத்திரண்டு. தகப்பன் இல்லை. ஒரே தமையன், அவனும் கடலுக்குப் போனால் நாள்கணக்கில் வரமாட்டான். தாயும் மகளும் ஒரு பாயில் படுத்து எழும்பியவர்கள். ராத்தா ஒரு கிழமை லீவு கேட்டார். மனேஜர் இரண்டு நாள் கொடுத்தார். மூன்றாம் நாள் தர்ஷினி வந்து வரிசையில் நின்றாள். ராத்தா அவள் கையைப் பிடித்தபோது அவள் கையை இழுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. மறந்து வைத்த பொருள் மாதிரி அது ராத்தாவின் கைக்குள் கிடந்ததாம். அனுப்பிவைக்க லேபல் மேசை இல்லை. தனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவளுடைய தட்டில் பாதியைத் தானே உரித்துப் போட்டார். அப்படியும் பலகையில் அவள் பெயர் வந்தது.

மனேஜரிடம் மூன்று முறை போய்ச் சொன்னார். மூன்று முறையும் மனேஜர் தலையசைத்தார். பிறகு ராத்தா எழுதிக் கொடுத்தார். பாடசாலையை ஆறாம் வகுப்போடு விட்டவர். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதுவார். ‘தர்ஷினி என்ற பிள்ளைக்கு மனம் சரி இல்லை. சாப்பாடு இல்லை. கதை இல்லை. ஒரு கிழமை லீவு கொடுங்கள். புத்தளம் ஆஸ்பத்திரியில் மன டொக்டரிடம் நான் கூட்டிப் போகிறேன். என்னுடைய லீவில்.’ எட்டு நாள் கழித்து அதையே இன்னொரு முறை எழுதிக்கொண்டு வந்தார். அதன் அடியில், ‘பயமாக இருக்கிறது’ என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது.

இரண்டையும் என் கையில்தான் தந்தார். இரண்டையும் நான் மனேஜரிடம் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். “இது ஃபைல்ல இருந்தா அடுத்த முறை வாறவங்க கேள்வி கேப்பாங்க. போட வேணாம்” என்றார். கிழித்துப்போட எனக்கு மனம் வரவில்லை. என் மேசை லாச்சியின் அடியில் வைத்தேன்.

“ஃபைல்ல போட்டியா?” என்று ராத்தா கேட்டார்.

“போட்டனான் ராத்தா.”

தர்ஷினியின் பெயர் தொடர்ந்து நாலாம் நாளும் பலகையில் ஏறிய அன்று காலை பத்து மணித் தேத்தண்ணி முடிந்து மணி அடித்தது. எல்லோரும் தங்கள் இடத்துக்கு வந்தார்கள். ராத்தாவுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. எங்கே என்று கேட்டதற்கு, பாத்ரூம் போனவள் என்றாள் பக்கத்தில் நின்றவள். ராத்தா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு நேரே போய், உறைய வைக்கிற அறைக்கு இறாலைக் கொண்டுபோகும் பெல்ட்டின் சிவப்பு ஆழியை அழுத்தினார். மனேஜர் சொல்லாமல் அதை யாரும் தொடக் கூடாது. வருடக் கணக்காக ஓயாமல் இரைந்துகொண்டிருந்த மண்டபம் சட்டென்று அடங்கியது. ஒபிசில் இருந்த நான் அந்த அமைதியைக் கேட்டுத்தான் எழும்பினேன்.

“வெளிய வாங்க எல்லாரும்! தர்ஷினியத் தேடுங்க!”

யன்னலால் பார்த்தேன். வெள்ளைத் தொப்பிகளோடு நூறு பெண்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். தொழிற்சாலைக்குப் பின்னால் பண்ணையின் இறால் குளங்கள். கடைசிக் குளத்தில், கழுத்தளவு தண்ணீரில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தர்ஷினி நின்றாள். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. ராத்தா சப்பாத்தோடு குளத்துக்குள் இறங்கினார். சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறி இரண்டு தரம் விழுந்தார். எழும்பிப் போய் அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் காவலாளியும் மற்றவர்களும் இறங்கி இருவரையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

கரையில் தர்ஷினி ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள். “அந்தப் போர்டில என்ட பேர அழிச்சு விடுங்க ராத்தா.”

ராத்தா ஈரத்தோடு மண்டபத்துக்குள் போய்த் தன் முந்தானையால் பலகை முழுவதையும் துடைத்தார். பிறகு அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

பெல்ட் நின்றதில் அன்றைய இறால் கெட்டுப்போனது. கப்பலும் தவறியது. தலைமை ஒபிசிலிருந்து காரணம் கேட்டார்கள். காரணத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. பெல்ட்டை நிறுத்தியது ஒரு குற்றம். நலன்புரி அலுவலராக இருந்தும் ஒரு பிள்ளையின் நிலைமையை மேலிடத்துக்கு அறிவிக்காதது இரண்டாவது குற்றம். விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். குறிப்பு எழுத என்னை இருத்தினார்கள்.

உள்ளே போகுமுன் நடையில் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “தெரியாது எண்டு சொல்லுங்கோ ராத்தா. ஆருக்கும் தெரிஞ்சிருக்க ஏலாது எண்டு சொன்னா விட்டிடுவினம்.”

“தெரியுமே புள்ள” என்றார்.

கொழும்பிலிருந்து வந்தவர் அந்தப் பத்திரத்தை மேசையில் வைத்தார்.

“நலன்புரி அலுவலர் நீங்கதானே? இது உங்கட கையெழுத்துத்தானே?”

“ஓம்.”

“அந்தப் பிள்ளைக்கு மனம் சரியில்ல எண்டு உங்களுக்குத் தெரியுமா?”

“மூணு கெழமயாத் தெரியும்.”

“பிறகு ஏன் அறிவிக்கல்ல?”

“மூணு தரம் வாயால சொன்னன் சேர். ரெண்டு தரம் எழுதிக் குடுத்தன். இந்தப் புள்ளட கையிலதான் குடுத்த.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அப்படிக் கடிதம் வந்ததா?”

மனேஜர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். லாச்சி என் முழங்காலில் முட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது எட்டு மாதக் கைக்குழந்தை. கணவருக்கு நிரந்தர வேலை இல்லை. இதையெல்லாம் அந்த நேரத்தில் யோசித்தேன் என்று சொன்னால்கூட என்னை நல்லவளாக்கிச் சொல்வதாகிவிடும். ஒன்றும் யோசிக்கவில்லை. பயந்தேன்.

“ஃபைலில் ஒண்டும் இல்லை சேர்.”

சொல்லுக்குச் சொல் அது பொய்யில்லை. ஃபைலில் ஒன்றும் இருக்கவில்லை. என் பதிலை நானே குறிப்பில் எழுதினேன். ராத்தா என்னைப் பார்த்தார். பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

வேலைநீக்கக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். வாங்க வந்தவர் மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

“தர்ஷினிக்கு லீவு நீட்டினாங்களா?”

“அவவயும் நிப்பாட்டியாச்சு ராத்தா.”

கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். “ஒன்ட முகம் சரியில்ல. இண்டைக்கி தனியப் போகாத. யாரோடயாச்சும் சேந்து போ” என்றார்.

அவருடைய வீட்டுக்குப் போக எனக்கு நாலு மாதம் எடுத்தது. நுரைச்சோலைக்குப் போகிற வழியில், இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று. அவர் முற்றத்தில் தோட்டக்காரர் ஒருவருக்காகக் கூலிக்குச் சின்ன வெங்காயத்தின் தாளை நறுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் உட்காரப் பலகைக் கட்டையைத் தள்ளிப் போட்டார். நான் உட்காராமலே இரண்டு கடிதங்களையும் எடுத்து நீட்டினேன்.

“தொழில் கந்தோருக்குப் போவம் ராத்தா. நான் வந்து நடந்ததைச் சொல்லுறன்.”

தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “லாச்சிக்குள்ள இருந்ததா?”

“ஓம்.”

“தெரியும். அவரு கேக்கக்குள்ள ஒன்ட கண்ணு அங்கதான் போன.”

“ஏன் அப்பவே சொல்லேல்லை?”

“சொன்னா ஒன்டயும் வேல போயிருக்கும். கைப்புள்ளக்காரி. அதோட அண்டைக்கி ஒன்ட முகத்தப் பாத்தா, கொஞ்சம் தட்டினா ஒடஞ்சிருவாய் போல இருந்த.”

“என்னை மன்னியுங்கோ ராத்தா.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “மன்னிக்கல்ல புள்ள. மன்னிச்சிட்டன் எண்டு சொன்னா நீ நிம்மதியாப் போவாய். அந்தப் பொய்ய எனக்குச் சொல்ல ஏலா. இரி. தேத்தண்ணி ஊத்துறன்.”

தேத்தண்ணி குடித்தோம். தர்ஷினி இப்போது மருந்து எடுக்கிறாள், மாமி வீட்டில் இருக்கிறாள், இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். போன முறை பஸ்ஸில் அவளாகவே யன்னலோரம் வேண்டும் என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் கொஞ்சம் தெளிந்தது. தொழில் கந்தோரில் முறையிடுகிற விசயத்துக்கு அவர் பிடிகொடுக்கவில்லை. கடிதங்களை வைத்துக்கொண்டார். பிறகு மண்டபத்தில் உள்ளவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். புருசன் விட்டுப்போன சிலாபத்துப் பிள்ளை சாப்பிடுகிறதா? கை முறிந்தவள் இப்போது எப்படி? இரட்டைப் பிள்ளை பெற்றவளை எத்தனையாம் நாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள்? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை.

“இப்ப உள்ளுக்கு அவங்களப் பாக்குறது யாரு?” என்று கேட்டார்.

“பத்திரத்தில இப்ப என்ட பேர் ராத்தா. போன மாசம் கையெழுத்து வச்சனான்.”

“பத்திரத்த விடு. நெசத்துல யாரு?”

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். அவர் அன்றைக்கு நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பார். ஆனால் இனி இந்த மனிசியிடம் பொய் சொல்வதில்லை என்று வரும் வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

“ஒருத்தரும் இல்லை ராத்தா” என்றேன்.

வேலைநீக்கக் கடிதத்தை வாங்கியபோது அழாதவர், குளத்திலிருந்து ஏறியபோது அழாதவர், வெங்காயம் மணக்கும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் அழுதார். நிலத்தில், அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் திரும்பிப் போக இருந்த மத்தியான பஸ் ரோட்டால் போகிற சத்தம் கேட்டது. வெகு நேரத்துக்குப் பிறகு பின்னேர பஸ் போகிற சத்தமும் கேட்டது. நான் எழும்பவில்லை.